டோல்கேட் மாடியில் தொங்கிய உலகப்படம்

பூகோளப் பாடம் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு: வாழ்நாளில் போகாத ஊர்களுக்கெல்லாம் போய்வந்தவன் மாதிரி வழி சொல்ல வேண்டும். வடக்கே தடா, தெற்கே மகாபலிபுரம். நான் கண்ட உலகம் அவ்வளவுதான். ஏழு கண்டங்களையும் மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்லஸில்தான் படித்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டமும் வாங்கினேன். மனைவி போன பிறகு சாயங்கால நேரத்தில் வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால் டோல்கேட்டில் ஒரு டயர்க்கடை மாடியில் மேரி டீச்சர் நடத்தும் டுடோரியலுக்குப் போய், பாடம் எடுக்கிறேன் என்றேன். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட பெரியவர்கள் மறுபடி எழுதுவதற்காகப் படிக்கும் இடம் அது. கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சுவரிலிருக்கும் உலகப்படம் ஆடும். சாக்பீஸும் கையுமாகக் காலம் தள்ளும் சக ஆசிரியர்களே, நீங்கள் இதைவிட மோசமான வகுப்பறைகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த அளவுக்குப் பயந்துகொண்டே நடத்திய வகுப்பைப் பார்த்திருப்பீர்களா என்று தெரியவில்லை.

காணாமல் போன நாடு

பாஷா பாய் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பொம்மைக் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டியவர். கல்லூரியில் படிக்கும் மகள் ஏதோ வாக்குவாதத்தில் "நீ பத்தாவதே தாண்டலியே வாப்பா" என்று சொல்லிவிட, மறுநாளே வந்து சேர்ந்துவிட்டார். முதல் வகுப்பில் ஆசியாவை நடத்தி முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பாய் எழுந்துவந்து படத்தின் முன்னால் நின்று மூக்கு இடிக்கும் தூரத்தில் தேட ஆரம்பித்தார். எந்த நாடு வேண்டும் என்று கேட்டேன். ஆசியாவை முடித்து ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்.

கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் காரை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் 'மேட் இன் பி.ஆர்.சி.' என்று இருந்தது. அது சீனாவேதான், பீப்பிள்ஸ் ரிபப்ளிக் ஆஃப் சைனா என்பதன் சுருக்கம் என்று விளக்கினேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு மின்னாடிலேர்ந்து இந்த நாட்டு சரக்க வித்துகினு கீறேன் வாத்யாரே, சைனா சரக்கே தொடமாட்டேன்னு கடையில போர்டு வேற போட்டு வெச்சிருக்கேன்!"

தண்ணீர்ப் பாடம்

அந்த வகுப்பில் ஜெயந்தி என்று ஒரு பெண் இருந்தார். விம்கோ நகர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலைக்குப் பத்தாவது தேற வேண்டும். சமூக அறிவியலில் மட்டும் விட்டிருந்தார். மற்றவர்கள் நாடு, தலைநகரம் என்று எழுதிக்கொள்ளும்போது இவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். கடல் பெயரைச் சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

ஒருநாள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு காரணத்தைக் கேட்டேன். கணவர் ரவி ஒரு பழைய சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலர். கப்பலில் இன்டர்நெட் கிடையாது. கரை ஓரமாகப் போனால் போன் எடுக்கும், கொஞ்சம் விலகினால் இல்லை. கப்பல் கிரீஸ் நாட்டில் சரக்கு ஏற்றி விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பியிருந்தது. கிளம்பும்போது பேசியவர், "சூயஸ் தாண்டினதும் பேசறேன்" என்று சொல்லியிருக்கிறார். நடுவில் ஒருமுறை போன் வந்து, பாதியில் அறுந்துபோனது. அதன் பிறகு இல்லை. ஜெயந்தி படத்திலிருந்த நீலத்தை உள்ளங்கையால் தடவினார். "நாட்ட எல்லாம் அப்பால பாத்துக்கலாம் சார், மொதல்ல தண்ணியச் சொல்லுங்க."

சூயஸ் நடத்திய நாள்

கேட்டாரே என்று அடுத்த வகுப்பில் சூயஸ் கால்வாயை எடுத்தேன். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றும் சிரமம் இதனால் தீர்ந்தது, மத்தியதரைக் கடலில் நுழைந்து செங்கடலில் வெளியே வரலாம் என்று பாடப்புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். ஜெயந்தி முன் பெஞ்சுக்கு வந்துவிட்டார். விரலால் காற்றில் அந்த வழியை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தெளிவு தெரிந்தது.

"அந்த வழியா இப்போ எவன் வாத்யாரே வர்றான்?" என்றார் பாஷா பாய். செங்கடலில் கப்பல்கள் மேல் ராக்கெட் விழ ஆரம்பித்திருந்த சமயம் அது. எனக்கும் அது தெரியும். ஆனாலும் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பாய்க்கு ஜெயந்தியின் விஷயம் தெரியாது. கடைக்கு வரவேண்டிய பெட்டிகள் தாமதமாகிற கோபத்தில் இருந்தார். "கப்பல கொளுத்தறானுங்க. தோ பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினார். ஒரு கப்பலின் நடுப்பகுதியிலிருந்து கரும்புகை போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணைக் காட்டியும் அவருக்குப் புரியவில்லை. போன் கைமாறி ஜெயந்தியிடம் போய்விட்டது.

அவர் கத்துவார், அழுவார் என்று பயந்தேன். வீடியோவை முழுசாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பிறகு சாதாரணக் குரலில் கேட்டார். "பேரு எழுதியிருக்கிற எடம் பொகையில மறையுது பாய், இத்த பெரிசு பண்ண முடியுமா?"

ஒரே பெயரில் பல கப்பல்கள்

விஷயம் தெரிந்ததும் பாஷா பாய் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் ஆப் ஒன்றை மகளை விட்டு போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜெயந்தியும் பாரிமுனையில் ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஆபீசுக்குப் போய்விட்டு வந்திருந்தார். விசாரிச்சு சொல்றோம்மா, போய்ட்டு வாங்க என்றார்களாம். நாங்கள் மூவரும் ஜன்னலோரம் நின்று கப்பல் பெயரைத் தட்டினோம். அந்தப் பெயரில் ஐந்தாறு கப்பல்கள் வந்தன. கப்பலுக்கும் இனிஷியல் இல்லாமல் பெயர் வைப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒவ்வொரு கப்பலுக்கும் தனி எண் உண்டு, அது தெரிந்தால் போதும். ஜெயந்திக்குத் தெரியாது. பெயரே அவர் கணவர் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். கரையை விட்டு விலகி நடுக்கடலில் போகிற கப்பல் அந்த இலவச ஆப்பில் தெரியாதாம். தெரிந்தவற்றில் ஒன்று பிரேசில் பக்கம், ஒன்று ஜப்பான் பக்கம். அவையெல்லாம் இருக்க வழியில்லை என்று பாய் ஒவ்வொன்றாகத் தள்ளினார். அடுத்ததைத் தொட்டதும் விரலை எடுத்துவிட்டார். செங்கடலில், ஏமன் கரைக்கு எதிரே ஒரு புள்ளி. வேகம் பூஜ்யம். கீழே லாரி போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போனைப் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்த பாயின் மணிக்கட்டை ஜெயந்தி பிடித்தார். "மறைக்காத பாய். நின்னுகினு கீற கப்பலு நல்லதா, கெட்டதா? அத்த மட்டும் சொல்லு."

மேரி டீச்சரின் சட்டம்

மேரி டீச்சருக்கு வகுப்பில் போன் அடித்தால் பிடிக்காது. யாருடையதாக இருந்தாலும் வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார். கடன் கேட்டு வந்தவர்கள் முதல் கவுன்சிலரின் தம்பி வரை யாருக்கும் விலக்கு கிடையாது. ஜெயந்தி மட்டும் போனைப் புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த வாரம் ஒருநாள் அது அடித்தது. என் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. பாஷா பாய் எழுந்தே விட்டார். ஜெயந்தி எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்சம் கேட்டார். "லோன் எல்லாம் வேணாம்மா. தயவு பண்ணி லைன வுடு. என் வூட்டுக்காரரு கூப்புட்ற நேரம்" என்று கெஞ்சி வைத்துவிட்டார். அவர் போனை மறுபடி புத்தகத்துக்கு அடியில் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தால் வாசலில் மேரி டீச்சர். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஜெயந்திக்காகப் பேசுவோம் என்று வார்த்தை தேடினேன். டீச்சர் என்னைப் பேச விடவில்லை. "சார், அந்தப் பொண்ணு போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. என் ரூம்ல ஒயர் இருக்கு."

தீர்க்கரேகைகள்

இரண்டாவது வாரமும் போனது. ஏஜென்ட் ஆபீஸில் அதே பதில். செங்கடல் புள்ளியும் நகரவில்லை. எனக்கோ பாடத்தை முடித்தாக வேண்டும். தீர்க்கரேகையை எடுத்தேன். உலகம் சுற்றுவதால் கிழக்கே இருப்பவர்களுக்கு முதலில் விடிகிறது. அதனால் கிழக்கே போகிறவன் கடிகாரத்தை முன்னால் தள்ள வேண்டும், மேற்கே போகிறவன் பின்னால் தள்ள வேண்டும் என்றேன். பாஷா பாய் தலையாட்டினார். மெக்காவுக்கு உம்ரா போன அவர் மச்சான் ஜித்தாவில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி பின்னால் திருகினாராம்.

"சார், நில்லுங்க" என்று ஜெயந்தி எழுந்தார். "கப்பல்லயும் அப்படித் தள்ளுவாங்களா?"

"தள்ளுவாங்க. போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா."

"அந்த அறுந்துபோன போன்ல அவரு அத்தத்தான் சார் சொன்னாரு. காத்து சத்தம். ஒண்ணும் கேக்கல. நடுவுல ஒரு வரி மட்டும் வந்துது. 'மணிய மறுபடியும் பின்னால வெச்சிட்டாங்க, நல்லா தூங்கறேன்'னாரு. அப்பால கட்டாயிடுச்சு."

நான் படத்தைப் பார்த்தேன். கிரீஸிலிருந்து சூயஸ் கிழக்கே இருக்கிறது. அங்கே போகிற கப்பல் கடிகாரத்தைப் பின்னால் வைக்க வேண்டிய வேலையே இல்லை. அதுவும் மறுபடியும் என்றால், ஒருமுறை வைத்து இன்னொரு முறையும் வைத்திருக்கிறார்கள். கப்பல் மேற்கே போயிருக்கிறது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் மனைவியின் கடைசி வாரத்தில் ஒரு டாக்டர் என்னிடம் நம்பிக்கையாகத்தான் பேசினார். ஒருவர் கையில் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜெயந்தி யாருக்கும் காத்திருக்கவில்லை. படத்தின் அருகே போய் கிரீஸில் விரலை வைத்து, இடதுபக்கமாக இத்தாலி, ஸ்பெயின் என்று இழுத்து, ஜிப்ரால்டர் இடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டார். அங்கிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் விரல் இறங்க ஆரம்பித்தது.

"நல்லா நெனப்பு கீதா தங்கச்சி?" என்றார் பாஷா பாய். "பின்னாலன்னுதான் சொன்னாரா? முன்னாலன்னு சொல்லியிருந்தா எல்லாம் தலகீழாப் பூடும்."

கப்பலில் மணியை முன்னால் தள்ளினால் ஒரு மணி நேரத் தூக்கம் போய்விடும். பின்னால் வைத்தால் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும். ஜெயந்தி படத்திலிருந்து விரலை எடுக்காமலே பதில் சொன்னார். "மணிய முன்னால தள்ளியிருந்தா அந்தாளு என்னாண்ட பொலம்பியிருப்பாரு பாய். அன்னிக்கி சிரிச்சாரு."

பெரிய கண்டம்

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மோசமானவை. முன்பு ஜெயந்தி மட்டும் பயந்துகொண்டிருந்தார். இப்போது அந்தப் பயம் என்னிடம் வந்துவிட்டது. அந்த ஒரு வரியை நம்பி அவர் நெற்றியில் பொட்டு பெரிதாகியிருந்தது. வகுப்பில் மற்றவர்களோடு சிரித்துப் பேசினார். செங்கடல் புள்ளியோ அங்கேயே நின்றது. பாஷா பாய் தினமும் படியேறி வந்ததும் என் காதருகே, "அப்படியேதான் கீது வாத்யாரே" என்று சொல்லிவிட்டு உட்காருவார். கடிகாரம் பற்றிய பாடத்தை ஒரு மாதம் கழித்து எடுத்திருக்கக் கூடாதா என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போவேன்.

ஜெயந்தி தினமும் வகுப்பு தொடங்கும் முன் படத்திடம் போவார். இன்று எங்கே இருக்கும் சார் என்பார். பழைய கப்பல், மெதுவாகப் போகும் என்று சொல்லி விரல்நுனி அகலம் நகர்த்துவேன். செனகல், அப்புறம் கினியா வளைகுடா, அப்புறம் அங்கோலா. வேறெந்த மாணவருக்கும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை நான் இவ்வளவு நன்றாக நடத்தியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, விரல் இன்னும் நமீபியாவுக்கு மேலேயே நிற்பதைப் பார்த்து அவருக்குப் பொறுமை போய்விட்டது. படத்தை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். "இம்மாம் பெரிசா இருக்க வேண்டிய அவசியம் இன்னா சார் இந்த ஆப்பிரிக்காவுக்கு?"

மாதிரித் தேர்வு

மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. உலகப்படத் தாளைக் கொடுத்து, ஐந்து இடங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தோம். மேரி டீச்சர் கண்காணிப்பு. ஜெயந்தியின் போன் மேசைமேலேயே இருந்தது. அடித்தது. புது நம்பர். முன்னால் வரும் எண்கள் நம் ஊருடையவை இல்லை. இத்தனை நாள் அதற்காகவே உட்கார்ந்திருந்தவர் இப்போது எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். யார் குரல் வரும், என்ன சொல்லும் என்று நானும் அவர் பெஞ்சருகே போய்விட்டேன். "எடுடி!" என்று கத்தினார் மேரி டீச்சர். அவர் யாரையும் 'டி' போட்டுப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. வகுப்பு முழுவதும் கேட்டது. "ஜெயந்தி, நான்தான். டர்பன்ல கீறோம். தென்னாப்பிரிக்கா. எண்ணெ ரொப்ப நிறுத்தியிருக்கு." பாஷா பாய் தேர்வை விட்டுவிட்டு எழுந்து சுவர்ப்படத்துக்கு ஓடினார். ஆப்பிரிக்காவின் கீழ்முனையைத் தாண்டி வலதுபக்கம் டர்பனைக் கண்டுபிடித்து, இங்கே, இங்கே என்று விரலால் தட்டிக் காட்டினார்.

"சூயஸ் தாண்டினதும் பேசறேன்னு சொன்னியே?" என்றார் ஜெயந்தி.

"அடிப்பாவி, அன்னிக்கே ஃபோன் பண்ணி சொன்னேனே! வழிய மாத்திட்டாங்க, ஆப்பிரிக்காவ சுத்தினு வர்றோம், லேட்டாவும், பயப்படாதன்னு. எல்லாம் சொல்லிட்டுத்தானே தூக்கத்தப் பத்தி சொன்னேன்."

"எனுக்கு உன் தூக்கம் மட்டுந்தான்யா கேட்டுச்சு!" வகுப்பு சிரித்தது. ஜெயந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னா பண்ணினு கீற என்று அந்தப் பக்கம் கேட்டது. பரீட்ச எழுதினு கீறேன், அப்பால பேசு என்று வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவை எடுத்தார். பாஷா பாய் கப்பல் ஆப்பை அழிக்கப் போனவர், ஒருகணம் நின்றார். செங்கடலில் நின்ற அந்த இன்னொரு கப்பலிலும் யாரோ இருப்பார்களே என்று எனக்கும் அப்போதுதான் தோன்றியது. அவர் அழிக்காமல் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

தாள்களைத் திருத்தும்போது பார்த்தேன். ஜெயந்தி நான்கு இடங்களைச் சரியாகக் குறித்திருந்தார். சூயஸ் கால்வாய் மட்டும் காலியாக இருந்தது. மறுநாள் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காட்டுவீர்களே, இதை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். ஜெயந்தி தாளை என் பக்கமே தள்ளினார். "தெரியும் சார். அவரு வூடு வந்து சேர்ற வரிக்கும் அந்த எடத்துல நான் பேனா வெக்க மாட்டேன், நீங்க மார்க்க கழிச்சுக்கோங்க."

வகுப்புக்கு ஒரே ஓர் உலகப்படத்தை மாட்டிவிட்டு, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதில் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள் என்று நம்பிப் பாடம் நடத்துவதற்குத்தான், சக ஆசிரியர்களே, நமக்கெல்லாம் சம்பளம்.